அல்லாமா இக்பால் மதித்த பெரியவர்கள்

தன்னை அறிந்து தலைநிமிர்ந்து வாழச் சொன்னவர் அல்லாமா முஹம்மது இக்பால். அவர் யார் யாருக்குத் தலைவணங்கினார் என்பதையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

1877இல் சியால்கோட்டில் பிறந்தார். தந்தையார் தையல் தொழில் செய்தவர். அரபியும் பார்சியும் கற்பித்தவர் உஸ்தாத் மீர் ஹஸன். கேம்பிரிட்ஜிலும் ம்யூனிக்கிலும் படித்துப் பட்டம் பெற்று வந்த பிறகும் அந்த உஸ்தாதின் மீதிருந்த மரியாதை இக்பாலுக்குக் குறையவில்லை. ஆங்கில அரசு சர் பட்டம் தர முன்வந்தபோது, உஸ்தாதையும் கௌரவிக்க வேண்டும் என்றார். அவர் எழுதிய நூல் எது என்று ஆளுநர் கேட்டாராம். இக்பால் தம்மையே காட்டினாராம். மீர் ஹஸனுக்கு ஷம்சுல் உலமா பட்டம் கிடைத்தது.

மாம்பழம் என்றால் அவருக்கு உயிர். நோயுற்றபோது நாளுக்கு ஒன்றுதான் என்று வைத்தியர் சொல்ல, இருப்பதிலேயே பெரிய பழமாகத் தேடினார் என்பார்கள்!

மவ்லானா ரூமியைத் தம் ஞானகுருவாகவே கொண்டார். 1932இல் வெளிவந்த ஜாவீத் நாமாவில் ரூமியின் வழிகாட்டலில்தான் வானுலகங்களைச் சுற்றி வருகிறார்.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1929 ஜனவரியில், நம் தமிழக வள்ளல் ஜமால் முஹம்மது சாஹிப் முயற்சியால் சென்னை வந்து சொற்பொழிவாற்றினார். அங்கிருந்து மைசூர்ப் பகுதிக்குச் சென்று, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அடக்கத்தலத்தை ஜியாரத் செய்தார். ஜாவீத் நாமாவின் வானுலகில் அந்த ஷஹீதையும் சந்திக்கிறார்.