கடல் நீலத்தில் கண்ட புதுமை – சர் சி. வி. இராமன்

மாமல்லபுரம் கடற்கரைக்குச் சுற்றுலா செல்லும் நாங்கள் அலையில் கால் நனைப்போம், சுண்டல் தின்போம், திரும்பிவிடுவோம். கடல் ஏன் நீலமாயிருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தச் சாதாரணக் கேள்வியை விடாமல் பற்றிக்கொண்டு நோபல் பரிசு வரை சென்றவர் தமிழகத்தின் தவப்புதல்வர் சர் சி. வி. இராமன்.

அவர் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். விசாகப்பட்டினம் புனித அலோசியஸ் பள்ளியில் பயின்று 11 வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1907-இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். பகலில் அலுவலகக் கணக்கு. காலையும் மாலையும் பௌபஜார் தெரு விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி. 1917-இல் நல்ல சம்பளம் தந்த அவ்வேலையை உதறிவிட்டுப் பேராசிரியரானார்.

1921-இல் கப்பற் பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைக் கவர்ந்தது. வானத்தின் நிறமே கடலில் தெரிகிறது என்பது ராலே பிரபுவின் கருத்து. இராமன் ஒரு பட்டகத்தின் மூலம் நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது! நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று முடிவு செய்தார். நீர் சிவப்பொளியை உறிஞ்சுவதும் முக்கிய காரணம் என்பதை இன்று அறிவோம்.

பின்னர் தம் மாணவர் கே. எஸ். கிருஷ்ணனோடு பல திரவங்களை ஆராய்ந்து, 1928 பிப்ரவரி 28-இல் 'இராமன் விளைவை'க் கண்டார். திரவத்தில் சிதறும் ஒளி பெரும்பாலும் நிறம் மாறாமல் வரும். மிக மிகச் சிறு பங்கு மட்டும் தன் ஆற்றலில் சிறிதை மூலக்கூறுக்கு அளித்து, அதை அதிரச் செய்து, நிறம் மாறி வெளிவரும். இழந்த ஆற்றலை அளந்தால் அம்மூலக்கூறு இன்னதென்று அறியலாம். இதற்கே 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒளியைப் போலவே எலெக்ட்ரானும் செய்யும். இரு உலோகங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய படலத்தை ஊடுருவும் எலெக்ட்ரான்கள், அங்குள்ள மூலக்கூறுகளை அதிரச் செய்து ஆற்றல் இழப்பதை 1966-இல் ஜாக்லெவிக், லாம்ப் என்போர் கண்டனர். அவர்கள் பணிபுரிந்தது ஃபோர்டு கம்பெனியின் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில். 2022 வரை நமது மறைமலைநகரில் கார் தயாரித்த அதே கம்பெனி!

இராமனின் வாழ்வில் எங்களை வருத்திய செய்தியும் உண்டு. 1933-இல் அவர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். அங்கே ஆராய்ச்சி செய்ய விரும்பிய கமலா பாகவத் என்ற மாணவியை, பெண் என்பதற்காக மறுத்தார். கமலா விடவில்லை, வாதாடினார். கடும் நிபந்தனைகளுடன் இடம் கிடைத்தது. அவரது உழைப்பைக் கண்ட இராமன் மனம் மாறினார். பிற பெண்களுக்கும் கதவு திறந்தது. கமலா 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார்.

1970 நவம்பர் 21-இல் இராமன் மறைந்தார். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினமாயிற்று. ராலே பிரபு சொன்னதை இராமன் அப்படியே ஏற்கவில்லை. இராமன் சொன்னதைக் கமலாவும் ஏற்கவில்லை. இருவரையும் நினைத்து, அடுத்த முறை கடற்கரையில் நாமும் ஒரு கேள்வி கேட்போமா, தோழியரே?

– பத்தாம் வகுப்பு மாணவி