புச்சிபாபு: மைதானத்தைத் திறந்துவிட்ட மனிதர்



2024 ஆகஸ்ட் மாதக் கடைசியில் நம் பிளாக் பையன்கள் கோவை போக வேண்டும் என்று அடம்பிடித்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். சூர்யகுமார் யாதவும் ஸ்ரேயாஸ் ஐயரும் மும்பை அணிக்காகக் கோவையில் ஆட வந்திருந்தார்கள். பொள்ளாச்சி வழியாகப் போனால் நமக்குச் சுமார் 70 கிலோமீட்டர்தான். உங்களில் சிலர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயும் வந்தீர்கள். அந்த ஆட்டத்தில் நம் தமிழ்நாட்டுப் பையன்கள் மும்பையைத் தோற்கடித்தார்கள் என்பது கூடுதல் மகிழ்ச்சி.

அந்தப் போட்டியின் பெயர் புச்சிபாபு கோப்பை. யார் இந்தப் புச்சிபாபு என்று ஒரு சிறுவன் என்னிடம் கேட்டான். ஏதோ பழைய கிரிக்கெட் வீரர் என்று சொல்லிச் சமாளித்தேன். பிறகு படித்துப் பார்த்தபோது, நம் குடியிருப்புக்கே சொல்ல வேண்டிய கதை என்று தோன்றியது. அதனால்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

மயிலாப்பூர் வீட்டுப் பையன்

அவருடைய முழுப் பெயர் மோதவரபு வெங்கட மகிபதி நாயுடு. பிறந்த ஆண்டு 1868. வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம்; நம் உடுமலையிலும் அப்படி எத்தனையோ குடும்பங்கள் உண்டு. அவருடைய தாய்வழித் தாத்தா, சென்னையில் பெயர்பெற்ற பாரி கம்பெனியின் துபாஷ். துபாஷ் என்றால் இரண்டு மொழி அறிந்தவர். வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் நம் ஊர் வியாபாரிகளுக்கும் நடுவில் நின்று பேரம் பேசி, பணம் புரட்டி, ஆள் பிடித்துத் தருபவர். சென்னைக்குப் போகும்போது பாரிமுனையில் பஸ் ஏறுகிறோமே, அந்தப் பெயருக்குக் காரணமான கம்பெனிதான் இது.

துபாஷ் குடும்பம் என்றால் பணத்துக்குக் குறைவில்லை. தாத்தா பேரனைத் தத்தெடுத்துக்கொண்டார். மயிலாப்பூரில் லஸ் பகுதியில் பெரிய பங்களா, லஸ் ஹவுஸ் என்று பெயர். குதிரைகள், டென்னிஸ், ஆங்கிலப் படிப்பு என்று வளர்ந்த பிள்ளை. அப்படி வளர்ந்தவருக்குக் கிரிக்கெட் பிடித்துப்போனது வியப்பில்லை.

அந்தக் காலத்தில் சென்னையில் கிரிக்கெட் என்றால் சேப்பாக்கம்தான். 1846ல் ஆங்கிலேயர்கள் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 1860களில் அது சேப்பாக்கத்துக்கு வந்தது. பச்சைப் புல், நல்ல ஆடுகளம், உட்கார்ந்து பார்க்க பெவிலியன், எல்லாம் இருந்தன. ஆனால் அது வெள்ளைக்காரர்களுடைய கிளப்.

மரத்தடிச் சாப்பாடு

இந்தியர்கள் சேப்பாக்கத்தில் ஆடப் போனால் என்ன நடக்கும் தெரியுமா? மைதானத்துக்குள் இறங்கலாம், பந்து போடலாம், ரன் எடுக்கலாம். மதியச் சாப்பாட்டு வேளை வந்ததும் ஆங்கிலேயர்கள் பெவிலியனுக்குள் போய்விடுவார்கள். நம் ஆட்கள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உடை மாற்றுவதும் அங்கேதான். சாப்பாடு முடிந்ததும் இரு தரப்பும் மறுபடி ஒரே களத்தில் இறங்கி ஆட வேண்டும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரண்டு மணி நேரமாக உங்களோடு ஆடியவர், உங்கள் பந்தில் அவுட் ஆனவர், படி ஏறி உள்ளே போகிறார். நீங்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நிழல் தேடுகிறீர்கள். வாய்திறந்து யாரும் திட்டவில்லை. அந்த நாலு படிக்கட்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

புச்சிபாபுவிடம் பணம் இருந்தது, செல்வாக்கும் இருந்தது. வெள்ளைக்கார அதிகாரிகளோடு பழக்கமும் உண்டு. தனக்கு மட்டும் ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்று நினைப்பவராக இருந்திருந்தால், அதற்கு வழி தேடியிருக்கலாம். அவர் வேறு வழி பார்த்தார். 1888ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்ற பெயரில் இந்தியர்களுக்கென்று ஒரு கிளப் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 20.

ஜார்ஜ் டவுனை ஒட்டிய எஸ்பிளனேட் வெளியில் கிளப்புக்கு மைதானம் அமைந்தது. இடம் கிடைத்தால் மட்டும் போதுமா? கிரிக்கெட் அன்றைக்கும் செலவு பிடித்த ஆட்டம். பேட், பந்து, கால் காப்பு எல்லாம் விலை அதிகம். வசதியில்லாத பையன்களுக்கு அவற்றைப் புச்சிபாபு தன் பணத்தில் வாங்கிக் கொடுத்தார். வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கவும் இல்லை. அவர்களைப் பழக்கினார், தானும் சேர்ந்து ஆடினார். ஆட்டத்தில் கெட்டிக்காரன் என்று தெரிந்தால் அந்தப் பையனைத் தேடிப்பிடித்துக் கிளப்புக்குக் கொண்டுவந்தார்.

பம்பாய் வழி, மெட்ராஸ் வழி

இந்த இடத்தில் பம்பாயையும் பார்க்க வேண்டும். அங்கே கிரிக்கெட் நம்மைவிட முன்னதாகவே வளர்ந்தது. முதலில் பார்சிகள் ஆடினார்கள், பிறகு இந்துக்கள், அதன் பிறகு முஸ்லிம்கள். ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனி ஜிம்கானா, தனித்தனி அணி. ஐரோப்பியர்களோடு பார்சிகள் ஆடிவந்த போட்டியில் 1907ல் இந்துக்கள் சேர்ந்தார்கள். 1912ல் முஸ்லிம்கள் சேர்ந்து நான்கு அணிகள் ஆயின. 1937ல் மற்றவர்கள் எல்லாரையும் சேர்த்து ஐந்தாவது அணி ஒன்றும் வந்தது. மதத்தை வைத்து அணி பிரிப்பது சரியா என்று காந்தியடிகள் வரை கேள்வி கேட்கும் நிலை பின்னால் ஏற்பட்டது.

சென்னையில் அந்தப் பிரிவு வரவில்லை. இங்கே அணி இரண்டுதான்: ஐரோப்பியர், இந்தியர். யார் எந்தக் கோயிலுக்கு, எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறார் என்பது அணித் தேர்வில் வரவில்லை. புச்சிபாபுவின் கிளப் பெயரிலேயே யுனைடெட் என்ற சொல் இருந்ததைக் கவனியுங்கள். ஒன்றுபட்டது என்று பொருள்.

இதை வைத்து அவரைச் சமூகச் சீர்திருத்தவாதி என்று சொல்லிவிட முடியாது. அவர் பெரிய வீட்டுப் பிள்ளை. அன்றைய கிளப்பில் முன்னால் நின்றவர்களும் பெரும்பாலும் படித்தவர்கள், வசதியானவர்கள். சென்னையின் எல்லாத் தெருப் பையனுக்கும் அந்தக் கதவு திறந்திருந்தது என்று சொன்னால் அது மிகைப்படுத்தல். ஆனாலும் கதவே இல்லாத இடத்தில் ஒரு கதவு வைத்தவர் அவர்.

அவர் பார்க்காத ஆட்டம்

சொந்த மைதானம் வந்துவிட்டது, சொந்த அணியும் வந்துவிட்டது. அத்தோடு அவர் நின்றிருக்கலாம். உங்கள் பக்கம் நீங்கள் ஆடுங்கள், எங்கள் பக்கம் நாங்கள் ஆடுகிறோம் என்று இருந்திருக்கலாம். புச்சிபாபுவுக்கு அதில் திருப்தி இல்லை. சேப்பாக்கத்தில் ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் சமமாக மோத வேண்டும், அது மாகாணமே பார்க்கும் ஆட்டமாக இருக்க வேண்டும் என்று விரும்பினார். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் சார்பில் பார்ட்ரிஜ் என்பவர் பேச்சுக்கு ஒத்துவந்தார். 1908 டிசம்பரில் ஆட்டம் என்று முடிவாயிற்று.

ஆட்டத்துக்குச் சில நாட்களே இருந்தபோது புச்சிபாபு இறந்துபோனார். வயது 40தான். 20 ஆண்டுகளாக எதற்காக உழைத்தாரோ அதைக் கண்ணால் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆட்டம் அவர் இல்லாமலே நடந்தது.

மறு ஆண்டே அவர் நினைவாக ஒரு போட்டி தொடங்கினார்கள். அதுதான் புச்சிபாபு கோப்பை. அவர் பேசி முடித்த ஆட்டமும் நிற்கவில்லை. 1915 முதல் அது பிரெசிடென்சி ஆட்டம் என்ற பெயரில் ஆண்டுதோறும் நடக்கலாயிற்று. பொங்கலை ஒட்டி நடந்ததால் சென்னைக்காரர்களுக்குப் பொங்கல் என்றால் கரும்பும் சேப்பாக்கமும் என்று ஆனது. பின்னாளில் இந்தியாவின் முதல் டெஸ்ட் கேப்டனான சி.கே. நாயுடு இந்தியர் அணிக்காக இங்கே ஆடியிருக்கிறார். சுதந்திரம் வந்த பிறகும் சில ஆண்டுகள் நடந்து, 1952ல் அது முடிவுக்கு வந்தது. அதே 1952 பிப்ரவரியில் அதே சேப்பாக்கத்தில் இந்தியா இங்கிலாந்தை வென்றது. இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அது.

நம் மாநில அணி

நம் தமிழ்நாட்டு ரஞ்சி அணி முளைத்ததும் இந்த மண்ணில்தான். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மெட்ராசுக்கும் மைசூருக்கும் நடந்தது. ஒரே நாளில் முடிந்துவிட்டது! மைசூர் 48, 59, மெட்ராஸ் 130. இன்னிங்ஸ் வெற்றி. முதல் பந்தைப் போட்டவர் எம்.ஜே. கோபாலன், ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 35 ரன் கொடுத்து 11 விக்கெட் சாய்த்தவர் ஏ.ஜி. ராம் சிங்; சென்னையில் வேரூன்றிய சீக்கியக் குடும்பத்துக்காரர். அணித் தலைவர் ஜான்ஸ்டன், ஆங்கிலேயர்.

அந்த மூன்று பெயரையும் இன்னொரு முறை பாருங்கள். ஒரு தமிழர், ஒரு சீக்கியர், ஓர் ஆங்கிலேயர், ஒரே அணியில். புச்சிபாபு இறந்து 26 ஆண்டுகளில் இது நடந்தது.

அவர் மகன்களும் ஆட்டக்காரர்கள்தான். சி. ராமஸ்வாமிக்கு அப்பா இறந்தபோது 12 வயது. தாய்வழிக் குடும்பத்துக்குத் தத்துப் போனதால் அவர் இனிஷியல் மாறியது. 1922ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடினார். 1936ல், 40 வயதில், இங்கிலாந்தில் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கி 40 ரன்னும் 60 ரன்னும் எடுத்தார். இன்றைக்கு 40 வயதில் ஆடுகளத்தில் இருந்தாலே நாம் வியக்கிறோம். அவர் அந்த வயதில்தான் தொடங்கினார். 1985ல் ஒருநாள் வீட்டை விட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை என்பது அந்தக் குடும்பத்தின் சோகம்.

மெட்ராஸ் அணி 1954-55ல் இந்தூரில் ஹோல்கர் அணியை வென்று முதன்முறை ரஞ்சிக் கோப்பையைத் தூக்கியது. தமிழ்நாடு என்ற பெயரில் 1987-88ல் ரயில்வே அணியை வென்று மறுபடி தூக்கியது. அதன் பிறகு பல முறை இறுதிவரை போய்த் தோற்றிருக்கிறது. இடையில் சில ஆண்டுகள் நின்றிருந்த புச்சிபாபு கோப்பை 2023ல் மீண்டும் வந்தது. 2024ல் அது சென்னையோடு நிற்காமல் கோவை, சேலம், திருநெல்வேலி, நத்தம் என்று வெளியூர்களுக்கும் வந்தது. திருப்பூர் பெயரிலேயே ஓர் அணி தமிழ்நாடு பிரீமியர் லீகில் ஆடுகிறது. மாநில அணி என்பது சென்னைக்காரர்கள் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கியிருந்த காலம் போய்விட்டது.

நம் கேட்டுக்கு உள்ளே

இனி நம் வீட்டுக்கு வருவோம். பின்புறக் காலி இடத்துக்கு வேலி போட்டு, இங்கே குடியிருப்போரின் பிள்ளைகள் மட்டுமே ஆடலாம் என்று போர்டு வைக்கும் யோசனை அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. காரணங்கள் நியாயமானவை. சி பிளாக்கில் இரண்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தது உண்மை. பார்க்கிங்கில் கார்மீது பந்து பட்டதும் உண்மை. வெளியாள் யார் வருகிறார், யார் போகிறார் என்று செக்யூரிட்டிக்குத் தெரிய வேண்டும் என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் அங்கே சாயங்காலம் ஆடுகிறவர்கள் யார் என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். நம் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். நம் செக்யூரிட்டியின் மகன். நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் இரண்டு பையன்கள். பக்கத்து லைன் வீட்டிலிருந்து, அப்பா அம்மா மில் ஷிப்டில் இருக்கும் நேரத்தில் வரும் நாலு பேர். அணி பிரிக்கும்போது முதலில் கேட்டு வாங்கப்படுகிறவன் அந்த லைன் வீட்டுப் பையன்தான். அவன் பந்துவீச்சு அப்படி. நம் பிள்ளைகளுக்கு அவன் வெளியாள் இல்லை, ஓப்பனிங் பவுலர்.

போர்டு வைத்தால் அவன் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பான். சேப்பாக்கத்து மரத்தடி நம் காம்பவுண்டுக்குப் பின்னாலேயே வந்துவிடும். இந்த முறை பெவிலியனுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் நாமாக இருப்போம்.

கண்ணாடிக்கு வலை கட்டலாம். டென்னிஸ் பந்துதான் என்று விதி வைக்கலாம். மாலை 5 முதல் 6.30 வரை என்று நேரம் குறிக்கலாம். வரும் பையன்கள் பெயரைச் செக்யூரிட்டியிடம் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். வலைக்கு ஆகும் செலவில் என் பங்கைத் தர நான் தயார். இன்னும் சிலர் சேர்ந்தால் சங்கக் கணக்கில் கை வைக்க வேண்டியதில்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்களும் அவசியம் வந்து பேசுங்கள். பேசித்தான் முடிவு எடுக்க வேண்டும்.

பொதுக்குழுவுக்கு வருமுன் ஒரு மாலை அந்தக் காலி இடத்தின் ஓரம் அரை மணி நேரம் நின்று பாருங்கள். அந்தப் பையன் பந்து போடுவதைப் பார்த்துவிட்டு வந்து கை தூக்குங்கள்.