தில்லையில் ஒரு கல்விக் கழகம்

வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் மலரில் சுவாமி சகஜானந்தரின் வரலாறு இடம்பெற வேண்டும் என நாம் விரும்பியதற்குக் காரணம் உண்டு. சங்கம் தொடங்கிய நாளில் ரசீதுப் புத்தகத்துடன் வீடு வீடாகச் சென்றோம். ஊர்த்தெருவிலும் சேரியிலும் நம்மை எதிர்கொண்டது ஒரே ஐயந்தான்: கொடுக்கும் பணம் எங்கே போகும் என்பது. அந்த ஐயத்தை நம்மினும் கொடிய காலத்தில் வென்றவர் அவர்.

ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 27-1-1890 அன்று ஏழைப் பெற்றோருக்குப் பிறந்தார், பிள்ளைத்திருநாமம் முனுசாமி. நமக்கு அண்மையிலுள்ள திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் பள்ளியில் பயின்றார் என்பது நம் வட்டாரத்துக்குப் பெருமை. பாதிரிமார் தந்த கல்வியை நன்றியுடன் ஏற்றார். மதம் மாற மட்டும் இசையவில்லை. பின்னர்க் குடும்பத்தோடு கோலார் தங்கவயல் சென்றார். சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் துறவு பூண்டு, 1910இல் சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

1916இல் நந்தனார் கல்விக் கழகம் கண்டார். முதலில் சேர்ந்த பிள்ளைகள் 25 பேர். நந்தனார் வாயிலில் நின்ற தலத்திலேயே அவர் பெயரால் பள்ளி நிறுவியது எத்தகைய துணிவு! சைவ நூல்களைப் பழுதறக் கற்றிருந்ததால், பிற வகுப்பினரும் அவர் சொல்லுக்குச் செவிசாய்த்தனர். ஆயினும் சேரியின் நம்பிக்கையைப் பெறுவதே அரிதாயிருந்திருக்கும் என எண்ணுகிறோம். மாடு மேய்த்து நாழி நெல் கொணரும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் அன்றைய உலைக்கு வழியென்ன? பண்ணையாரின் சினத்துக்கு விடையென்ன? பள்ளியோடு விடுதியும் நடத்தியதே சுவாமிகள் தந்த விடை. உண்ணும் சோறும் உடுக்கும் துணியும் கண்ணுக்குத் தெரிந்தன; கொடுத்தவர்களும் வந்து பார்க்க முடிந்தது.

1927இல் காந்தியடிகள் ஓமக்குளத்தில் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். அதற்கு முந்திய ஆண்டே சட்டசபை உறுப்பினராகியிருந்த சுவாமிகள், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, இறுதிவரை மக்கள் மன்றத்தில் பணியாற்றினார். நம் ஓமந்தூரார் முதல்வராயிருந்த 1947இல் ஆலயப் பிரவேச உரிமைச் சட்டம் வந்ததையும் கண்டு மகிழும் பேறு பெற்றார்.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. அவர் மனைவி மக்களற்ற துறவி; தமக்கென்று சேர்க்கிறார் என எவரும் ஐயுற இடமில்லை. நாமோ குடும்பிகள். ஆகவேதான் நம் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் பள்ளி வாயிற் பலகையில் ஒட்டுகிறோம். இருதரத்தாரும் நின்று படிக்கின்றனர். சென்ற ஆண்டு ஒரு பெரியவர் பன்னிரண்டு ரூபாய்ப் பிழையைச் சுட்டிக் காட்டினார். திருத்தினோம், அவரே பின்னர் நன்கொடையும் தந்தார்.

சுவாமிகள் 1-5-1959 அன்று மறைந்தார். சிதம்பரத்தில் அவர் தொடங்கிய பள்ளி அரசு நந்தனார் மேல்நிலைப் பள்ளியாக இன்றும் நடைபெறுகிறது.