கியர் நழுவிய ரேஸ்

கார் பழகிய புதிதில் நான் செகண்ட் கியர் போட்டாலே வண்டி தவளை மாதிரி துள்ளும். பின்சீட்டில் சித்தப்பா முருகனைக் கூப்பிடுவார். கிளட்சைப் படக்குன்னு விடுவதுதான் கோளாறு என்று புரிய ஒரு மாசம் ஆச்சு. அப்போது படித்தேன், ஜிம் கிளார்க்கின் கதையை.

1936-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த விவசாயி வீட்டுப் பிள்ளை. நாலு அக்காக்களுக்கு ஒரே தம்பி. பண்ணையைப் பார்த்துக்கொண்டே ரேஸுக்குப் போனார்; வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. 1963, 1965-ல் உலகச் சாம்பியன்.

வண்டியை அடித்து ஓட்டுகிற ஆளில்லை அவர். கியரைக் குறைக்கும்போது வலது காலாலேயே பிரேக்கை மிதித்து, ஆக்சிலரேட்டரையும் தட்டி, என்ஜின் வேகத்தை ஏத்திவிட்டு கிளட்சை விடணும். அப்பதான் வண்டி உதறாது. இதில் அவர் கால் பூ மாதிரி! பிரேக்கும் டயரும் அவரிடம் மட்டும் கூடுதலாக உழைத்தன.

1963, பெல்ஜியத்தின் ஸ்பா. ஒரு சுற்று 14 கிலோமீட்டர். கொட்டுகிற மழை. லோட்டஸ் 25-ல் கியர் நிற்காமல் நழுவுகிறது. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கையால் கியர் லீவரை அழுத்திப் பிடித்தபடி, மறு கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பினார், அதுவும் முழு வேகத்தில்! எட்டாவதாகக் கிளம்பியவர், இரண்டாவது வந்த மெக்லாரனைவிட கிட்டத்தட்ட 5 நிமிஷம் முன்னால் ஜெயித்தார்.

1968 ஏப்ரல் 7, ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் கார் மரங்களில் மோதி இறந்தபோது வயது 32. அவர் கல்லறையில் முதலில் விவசாயி என்றும், அப்புறம்தான் உலகச் சாம்பியன் என்றும் பொறித்திருக்கிறது.