ஊதியம் வேண்டா நடிகர் பம்மல் சம்பந்த முதலியார்

இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்துத் தமிழை முத்தமிழ் என்று வழங்குதல் நம்மவர் மரபு. ஆயினும், இயற்றமிழ் கற்றாரைப் புலவரென்றும் இசைத்தமிழ் வல்லாரை வித்துவானென்றும் போற்றிய நம் சமுதாயம், நாடகத் தமிழில் தேர்ந்தாரை மட்டும் கூத்தாடி என்று கூறி ஒதுக்கி வைத்தது. இரவு முழுவதும் கண்விழித்து அவர்தம் ஆட்டத்தைக் கண்டு களித்தவர்களே, விடிந்ததும் அவரைத் தம் வீட்டுத் திண்ணையில் இருத்தத் தயங்கினர்.

தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கும்போதெல்லாம் மாணவரை நாடகத்திற்குப் பழக்கும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்வதுண்டு. ஒத்திகை தொடங்கி ஒரு கிழமை செல்லுமுன் யாரேனும் ஒரு தந்தையார் பாடசாலை வாயிலிலே நம்மைக் கண்டு, சோதனைக் காலத்தில் மகனை நாடகத்தில் இழுத்து விட்டமை குறித்து மனம் வருந்துவார். அவருடைய கவலை நியாயமானதே. ஆயினும் அக்கவலைக்குள்ளே அப்பழைய இழிசொல்லின் நிழலும் சிறிது மறைந்திருப்பதை நாம் உணர்வோம். அத்தந்தையாருக்கு நாம் கூறும் மறுமொழி ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாறேயாகும். அதனையே இவ்விழா மலரிலும் எழுதப் புகுந்தோம்.

பம்மல் சம்பந்த முதலியார் 1873ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 1ஆம் திகதி சென்னையிலே பிறந்தார். தந்தையார் விசயரங்க முதலியார் கல்வித் துறையில் பணி புரிந்தவர். தமிழ் நூல்களை அச்சேற்றி வெளியிட்டவர். நூல்கள் நிறைந்த இல்லத்திலே வளர்ந்த மைந்தர் பச்சையப்பர் கல்வி நிலையத்திலும், பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். ஆங்கில நாடகங்களில் அவருக்குப் பெருவிருப்பு உண்டாயிற்று. ஆனால் அக்காலத்துத் தமிழ் நாடகங்களிலே அவருக்கு வெறுப்பே இருந்தது. அவை விடியும் வரை நீண்டன. உரையாடல் குறைந்து பாட்டு மலிந்தன. இடையிடையே புகுந்த விகடம் கற்றோர் முகஞ்சுளிக்கும் தரத்ததாயிருந்தது. பின்னாளில் தமிழ் நாடகத் தந்தை என்று உலகம் அழைக்க இருந்தவர், இளமையில் தமிழ் நாடகக் கொட்டகையை நாடாதவராயிருந்தார் என்பது எண்ணத்தக்கது.

1891ஆம் ஆண்டிலே ஒரு திருப்பம் நேர்ந்தது. பல்லாரியிலிருந்து சரச விநோதினி சபையார் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடித்தனர். அச்சபையின் தலைவர் கிருஷ்ணமாச்சார்லு என்னும் வழக்கறிஞர். கற்றவர்களும், உத்தியோகம் வகிப்பவர்களும், கூலி எதுவும் பெறாது, கலையின் மீது கொண்ட விருப்பம் ஒன்றினாலேயே அரங்கேறி நடிப்பதைச் சம்பந்தனார் கண்டார். தெலுங்கிலே இயன்றது தமிழிலே ஏன் இயலாது என்னும் வினா அவர் உள்ளத்தைப் பற்றிக் கொண்டது. அவ்வாண்டு ஜூலை மாதம் 1ஆம் திகதி, நண்பர் சிலரைக் கூட்டிச் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18. மேடை அநுபவமோ, பொருள் வசதியோ இல்லாத இளைஞர் கூட்டம் அது.

பயில்முறை நாடகம் என்று இன்று நாம் வழங்குவது தமிழகத்திலே இவ்வாறு ஊன்றி வளர்ந்தது. பயில்முறை என்னும் சொல்லைச் சிலர், குறைந்த முறை என்று பிழையாகக் கருதுகின்றனர். தொழிலாக நடிப்பவனே வருந்திக் கற்க வேண்டும், விருப்பத்துக்காக நடிப்பவன் ஏனோதானோவென்று நடித்தாலும் பாதகமில்லை என்பது அவர்கள் எண்ணம். சம்பந்தனாரின் வாழ்க்கை அவ்வெண்ணத்தை முற்றாக மறுக்கின்றது. விடியும் வரை நீண்ட நாடகத்தைச் சில மணி நேரத்துள் அவர் அடக்கினார். பாட்டைக் குறைத்து உரைநடை உரையாடலை முதன்மையாக்கினார். வேதனம் பெறாத நடிகர்களைக் கட்டுப்படுத்துதல், வேதனம் பெறுவோரைக் கட்டுப்படுத்துவதினும் அரிது. கூலி கொடுத்து அழைத்தவனைக் கூலியைக் காட்டி நிறுத்தலாம். விரும்பி வந்தவனை விருப்பத்தைக் காட்டித்தான் நிறுத்த முடியும். அதனை அவர் ஆண்டுக்கணக்காகச் செய்தார்.

நடிப்பதற்குத் தக்க நாடகம் இல்லாத குறையைத் தாமே எழுதித் தீர்த்தார். லீலாவதி சுலோசனா, மனோகரா முதலாக எண்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் அவர் எழுதுகோலிலிருந்து பிறந்தன. சேக்ஸ்பியரின் ஹம்லெட் அமலாதித்யன் ஆயினான். மக்பெத் மகபதி ஆயினான். வெனிஸ் நகரத்து வணிகன் வாணீபுர வணிகன் ஆயினான். சபாபதி என்னும் நகைச்சுவை நாடகம் 1941ஆம் ஆண்டிலே திரைப்படமாகி மக்களைச் சிரிக்க வைத்தது. மனோகரன் வேடத்தையும் அமலாதித்யன் வேடத்தையும் தாமே தாங்கி அவர் புகழ் பெற்றார். அவரோடு நாயகியாக நடித்தவர் ரங்கவடிவேலு என்னும் ஆடவர். அக்காலச் சபையிலே பெண் வேடமும் ஆண்களுக்கே உரியதாயிருந்தது. இந்திய விடுதலைப் போரில் முன்னணியில் நின்ற சத்தியமூர்த்தியும் இச்சபையின் மேடையிலே நடித்தவர்.

இத்தனைக்கும் இடையில் அவர் தம் தொழிலைக் கைவிட்டவரல்லர். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1924ஆம் ஆண்டிலே சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தின் நீதிபதியாக நியமிக்கப்பெற்றார். பகலிலே வழக்கு மன்றம், மாலையிலே ஒத்திகை என்று அவர் வாழ்ந்தார். நாடகம் படிப்பைக் கெடுக்கும் என்று அஞ்சும் பெற்றோர்க்கு இவ்வொரு செய்தியே போதும் என்று நாம் கருதுகின்றோம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1911ஆம் ஆண்டிலே சுகுண விலாச சபையார் கடல் கடந்து இலங்கைக்கு வந்து நாடகம் நடித்தனர். அவர் ஊன்றிய வித்து இங்கே விரைவில் முளைத்தது. 1913ஆம் ஆண்டு கொழும்பிலே லங்கா சுபோத விலாச சபை தோன்றியது. அதன் உயிராக விளங்கியவர் கலையரசு எனப் போற்றப்பெறும் க. சொர்ணலிங்கம். 1889ஆம் ஆண்டிலே பிறந்த இவர் சம்பந்தனாரையே தம் குருவாக வரித்துக் கொண்டவர்; குருவின் நாடகங்களை ஈழத்து மேடைக்குக் கொண்டு வந்தவர். நம் யாழ்ப்பாணத்திலும் கற்றோர் கூடிச் சபை அமைத்து நடிக்கும் வழக்கம் பரவியது. தம் நீண்ட அநுபவத்தை ஈழத்தில் நாடகமும் நானும் என்னும் நூலாக எழுதி வைத்த பின், 1982ஆம் ஆண்டிலே சொர்ணலிங்கம் இவ்வுலக வாழ்வை நீத்தார். பாடசாலை மேடைகளில் இன்று நம் பிள்ளைகள் கூச்சமின்றி வேடந்தாங்கி நிற்பதற்கு இக்குருவும் சீடரும் வகுத்த பாதையும் ஒரு காரணமாகும்.

ஈண்டு ஒன்றை மறைக்காமற் சொல்லுதல் வேண்டும். வழக்கறிஞரும் உத்தியோகத்தரும் ஏறியதனால் மேடைக்கு மதிப்பு வந்தது. ஆனால், தலைமுறை தலைமுறையாக அக்கலையைக் காத்து வந்த கூத்துக் கலைஞருக்கும் அண்ணாவிமாருக்கும் அம்மதிப்பு உடனே கிடைத்துவிடவில்லை. ஆடியவன் யார் என்று பார்த்த பின்னரே ஆட்டத்தை நாம் மதித்தோம். காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக மயானத்திலே நின்று பாடிய போது யாழ்ப்பாணம் முழுவதும் கண்ணீர் சிந்திற்று; அவரையொத்த கலைஞர் பலர்க்கு நாம் செலுத்த வேண்டிய கடன் இன்னும் முற்றாகத் தீரவில்லை. சம்பந்தனார் திறந்து வைத்த கதவு கற்றோர்க்கு மட்டும் உரியதாய் நின்றுவிடின், அவர் பணி பாதியிலே நின்றதாகவே முடியும்.

முதுமையிலும் அவர் நாடகத்தை மறந்தவரல்லர். நாடக மேடை நினைவுகள் என்னும் தன்வரலாற்றைப் பல பாகங்களாக எழுதினார். 1936ஆம் ஆண்டு திரைப்படமாக வந்த மனோகராவிலே, ஒரு காலத்தில் மனோகரனாக நின்ற அவரே தந்தையாகிய புருஷோத்தம மன்னனாக நடித்தார். 1959ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்துச் சிறப்பித்தது. 1964ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 24ஆம் திகதி, தமது 91ஆம் வயதில், அவர் இயற்கை எய்தினார்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன், வலய மட்டப் போட்டியிலே நடுவர் முன் தன் வசனத்தை மறந்து திகைத்து நின்றான். குழுவுக்கு இடம் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் பேருந்திலே அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள், இனி மேடை ஏறேன் என்றான். அவனுக்கு நாம் அறிவுரை எதுவும் கூறவில்லை. பொருளும் பரிசும் கருதாது மேடையேறிய ஒரு பதினெட்டு வயது இளைஞரின் கதையையே கூறினோம். அடுத்த ஆண்டு ஒத்திகைக்கு முதலாவதாக வந்து கதிரைகளை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தவன் அவனே. அவ்வாண்டும் நம் குழு முதலிடம் பெறவில்லை. ஆனால், அவன் ஒரு சொல்லையும் மறக்கவில்லை.

போட்டிக்கு நடுவர் மூவர். அவர்தம் தீர்ப்பு ஒரு நாளுக்குரியது. கலைமேல் வைத்த அன்பும், அவ்வன்புக்காக ஏற்றுக் கொண்ட ஒழுங்குமே வாழ்நாள் முழுவதும் உடன் வருவன. பழைய மாணவப் பெருமக்களே! கல்லூரி மண்டபத்திலே நீங்கள் அன்று அணிந்த அட்டைக் கிரீடங்கள் மக்கிப் போயிருக்கலாம். ஆயினும், அன்று கூட்டத்தின் முன் நிமிர்ந்து நின்று பேசிய தமிழ் இன்றும் உங்கள் நாவில் இருக்கின்றது. உங்கள் மைந்தர் ஒத்திகைக்குச் செல்ல விடை கேட்கும்போது, சம்பந்தனாரை ஒருகால் நினைந்து, மகிழ்வோடு விடை கொடுத்தனுப்புவீராக. நாடகத் தமிழ் வாழ்க!