கல்லுக்குள் மூளையைத் தேடியவர்: யார் இந்த டில்லி எடிங்கர்?

டைனோசரின் பல் கிடைக்கும், தொடை எலும்பு கிடைக்கும். மூளை? அது மெத்தென்ற சதை. உயிர் போன சில நாட்களில் அழுகிவிடும். அப்படியிருக்க, ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முந்தைய குதிரையின் மூளை இப்படித்தான் இருந்தது என்று விஞ்ஞானிகள் எதை வைத்துச் சொல்கிறார்கள்? இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. பெயர், தொல்நரம்பியல். அதைத் தனித் துறையாக நிமிர்த்தியவர் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் 1897-இல் பிறந்த டில்லி எடிங்கர்.

சூட்சுமம் மண்டை ஓட்டில் இருக்கிறது. பாலூட்டிகளிலும் பறவைகளிலும் மூளை, மண்டைக் குழியை கிட்டத்தட்ட முழுசாக அடைத்துக்கொண்டு வளரும். அதன் மேடு பள்ளம், ரத்தக் குழாய்களின் தடம் எல்லாம் எலும்பின் உட்புறத்தில் பதியும். விலங்கு செத்து மூளை அழுகியபின் அந்தக் குழிக்குள் சேறு புகுந்து, காலப்போக்கில் கல்லாகிவிடும். குல்ஃபி அச்சை நினைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே ஊற்றியது எதுவானாலும் வெளியே வருவது அச்சின் வடிவம்தான். இந்தக் கல் மூளை இல்லை. ஆனால் மூளையின் வெளி வடிவம் அதில் இருக்கிறது. ஊர்வன, மீன்களில் இந்த வித்தை அவ்வளவு சரியாக வராது. அவற்றின் மூளை குழியை முழுசாக நிரப்பாது என்பதே காரணம்.

டில்லிக்கு முன்னரும் இத்தகைய கற்கள் அருங்காட்சியகங்களில் இருந்தன. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒரு வேடிக்கைப் பொருள் மாதிரி.

அப்பா ஒரு பாதை, மகள் ஒரு பாதை

டில்லியின் அப்பா லுட்விக் எடிங்கர் சாதாரண ஆள் இல்லை. கண் பாப்பாவைச் சுருக்கும் நரம்புக் கூட்டம் ஒன்றுக்கு இன்றும் மருத்துவப் புத்தகங்களில் அவர் பெயர் இருக்கிறது. மீன், தவளை, பல்லி, பாலூட்டி என்று உயிரோடிருக்கும் விலங்குகளின் மூளைகளை வரிசையாக அறுத்துப் பார்த்து ஒப்பிட்டவர். ஒரு பழைய மூளை, அதன்மேல் படிப்படியாகச் சேர்ந்த ஒரு புது மூளை என்பது அவர் வரைந்த சித்திரம். பெண்கள் வேலைக்குப் போவதில் அவருக்குப் பெரிய விருப்பம் இல்லை. 1918-இல் அவர் இறந்துவிட்டார்.

மகள் 1921-இல் முனைவர் பட்டம் வாங்கினார். எடுத்துக்கொண்டது நோத்தோசாரஸ் என்ற அழிந்துபோன கடல் ஊர்வன விலங்கு. அதன் மண்டைக்குள் இருந்த கல்வார்ப்பில் ஆரம்பித்த ஆர்வம் கடைசி வரை விடவில்லை. 1927-இல் ஃபிராங்க்ஃபர்ட்டின் சென்கன்பெர்க் அருங்காட்சியகத்தில் முதுகெலும்புள்ள விலங்குகளின் புதைபடிவங்களுக்குப் பொறுப்பாளர் ஆனார். பொறுப்பு இருந்தது, சம்பளம் இல்லை! அதுவரை உலகம் முழுக்கச் சிதறிக்கிடந்த தகவலை எல்லாம் திரட்டி, 1929-இல் புதைபடிவ மூளைகள் பற்றிய முதல் முழுமையான நூலைக் கொண்டுவந்தார்.

இதில் என்ன பெரிய விஷயம்? இன்றைய தவளை யாருக்கும் முப்பாட்டன் இல்லை. நம்மைப் போலவே அதுவும் கோடிக்கணக்கான ஆண்டுகள் பரிணமித்து வந்து நிற்கிறது. உயிரோடிருப்பவற்றை ஏணிப்படி போல அடுக்கிவைத்து, இதுதான் மூளையின் வரலாறு என்றால் அது வரலாறு ஆகாது. நிஜ மூதாதை மண்ணுக்கடியில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். அப்பாவின் முறையில் இருந்த ஓட்டையை மகளின் கற்கள் காட்டிக்கொடுத்தன என்றுகூடச் சொல்லலாம்.

வரிசை எண் 13,814

1933-இல் ஹிட்லர் வந்தார். அரசுப் பணிகளில் இருந்த யூதர்கள் விரட்டப்பட்டனர். டில்லி யூதக் குடும்பம். சென்கன்பெர்க் ஒரு தனியார் அமைப்பு என்பதால் சட்டம் உடனே பாயவில்லை. அங்கிருந்த ருடால்ஃப் ரிக்டர் அவருக்கு அரணாக நின்றார். அறைக் கதவில் இருந்த பெயர்ப் பலகை கழற்றப்பட்டது. டில்லி பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து போனார். இப்படியே ஐந்து வருஷத்துக்கும் மேல்! போதாததற்கு, பதின்வயதில் தொடங்கிய செவித்திறன் குறைபாடு முற்றி, கருவி இல்லாமல் காது கேட்காத நிலை.

1938 நவம்பரில் யூதர்களின் வீடுகளும் வழிபாட்டு இடங்களும் கடைகளும் சூறையாடப்பட்ட இரவுக்குப் பிறகு அந்தப் பக்கவாட்டுக் கதவும் மூடியது. அமெரிக்க விசாவுக்கு ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தார். கிடைத்த வரிசை எண் 13,814. முறை வர இன்னும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும் என்ற நிலை. 1939 மே மாதம் லண்டனுக்குத் தப்பி, மருத்துவக் கட்டுரைகளை மொழிபெயர்த்துப் பிழைத்தார். அடுத்த ஆண்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தபோது ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் ஆல்ஃபிரட் ரோமர் இடம் வைத்திருந்தார். ஜெர்மனியிலேயே இருந்த அண்ணன்-தம்பி உறவு ஒன்றே ஒன்று, ஃபிரிட்ஸ். அவர் 1942-இல் நாஜிகளால் கொல்லப்பட்டார்.

குதிரை சொன்ன கதை

ஹார்வர்டில்தான் அவருடைய பெரிய வேலை நடந்தது. அமெரிக்காவில் குதிரை வம்சத்தின் புதைபடிவங்கள் ஏராளம். நாய் அளவு இருந்த ஆதிக் குதிரையில் இருந்து இன்றைய குதிரை வரை மண்டைகளைக் கால வரிசையில் வைத்து உள்வார்ப்புகளை ஒப்பிட்டார். நூல் 1948-இல் வந்தது. உடல் பெருப்பதும் மூளை மாறுவதும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. மூளையின் மடிப்புகள் மற்ற பாலூட்டிகளுடையதைப் போலத் தெரிந்தாலும், குதிரை வம்சத்தில் அவை தனியாகவே உருவாகியிருக்கின்றன. அதாவது, எல்லா விலங்கும் ஏறுகிற ஒரே ஏணி என்று ஒன்று கிடையாது.

ஒரு திருத்தமும் உண்டு. அவர் ஆதிக் குதிரையினுடையது என்று எடுத்துக்கொண்ட வார்ப்பு, வேறொரு பழைய விலங்கினுடையதாக இருக்கலாம் என்று லியோனார்ட் ராடின்ஸ்கி 1976-இல் காட்டினார். உண்மையான ஆதிக் குதிரையின் மூளை, டில்லி நினைத்ததைவிட வளர்ந்ததாகவே இருந்தது. அதையும் கண்டுபிடிக்க உதவியது இன்னொரு உள்வார்ப்புதான். இப்போது மண்டையை உடைக்காமலேயே சி.டி. ஸ்கேனில் இந்த வேலை முடிந்துவிடுகிறது.

1963-இல் அமெரிக்காவின் முதுகெலும்பி தொல்லுயிரியல் சங்கத்துக்குத் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். மறு ஆண்டே, அவரைத் துரத்திய ஃபிராங்க்ஃபர்ட்டின் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

1967 மே மாதம் கேம்பிரிட்ஜ் நகரில் சாலையைக் கடக்கும்போது லாரி மோதி இறந்தார். வயது 69. தொல்நரம்பியலில் 1804 முதல் வெளிவந்தவற்றையெல்லாம் குறிப்புகளோடு தொகுத்துக்கொண்டிருந்தார். பாதியில் நின்ற அந்த வேலையைச் சக ஆய்வாளர்கள் முடித்து, 1975-இல் அவர் பெயரில் வெளியிட்டார்கள்.