மருத்துவப் பெரியார் ஆபிரகாம் பண்டிதர்

தென்காசிக்கு அண்மையில் சாம்பவர்வடகரை என்னும் சிற்றூர் உளது. அவ்வூரில் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் முத்துசாமி, அன்னம்மாள் என்பார்க்கு மகனாகத் தோன்றினார் ஆபிரகாம் பண்டிதர். இசையுலகம் அவரைப் பழந்தமிழிசையை ஆராய்ந்து வெளிப்படுத்திய பேரறிஞராகப் போற்றுகின்றது. அப்போற்றுதல் தகுவதே. ஆயினும், அவர் பெயரை மக்கள் வாயில் முதற்கண் வழங்கச் செய்தது மருத்துவமே ஆகும். இசைப்பணிக்கு வேண்டிய பெரும்பொருளை ஈட்டித் தந்ததும் அதுவே. மருத்துவரைப் பண்டிதர் என அழைத்தல் அக்கால வழக்கு. அவர் பெயரோடு ஒட்டிய பண்டிதர் என்னும் சொல்லும் அவ்வழக்கினின்று வந்ததே.

இளமையில் ஆசிரியப் பயிற்சி பெறும்பொருட்டு அவர் திண்டுக்கல் நகரை அடைந்தார். அங்கு யார்க் என்னும் துரைமகனார் தலைமையில் பயிற்சிப் பள்ளி ஒன்று நடைபெற்றுவந்தது. பாடங்களைப் பயின்றதோடு நில்லாது, ஒளிப்படக் கலையையும் அவர் அங்குக் கற்றார். சடையாண்டிப் பத்தர் என்பாரிடம் இசையும் பயின்றார். தேர்ச்சி பெற்றபின் அந்நகரிலேயே சில காலம் ஆசிரியப் பணி ஆற்றினார்.

திண்டுக்கல் வளமிக்க வயல் சூழ்ந்த ஊரன்று. பெரும்பாறை ஒன்று நடுவே நிமிர்ந்து நிற்க, அதன்மேல் பழைய கோட்டை விளங்கும். அந்நகரின் ஒரு பகுதியாகிய பேகம்பூரில் ஐதரலியின் உடன்பிறந்தாராகிய அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் உண்டு. ஊர்ப்பெயரும் அவ்வம்மையாரால் வந்தது என்பர். பேகம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் தொழில் நெடுநாள் சிறந்திருந்தது. அத்தொழிலுக்குப் பயன்பட்டது ஆவாரையின் பட்டை. தண்ணீர் இன்றியும் கரட்டு நிலத்தில் பொன்போல் பூத்து நிற்கும் அச்செடியின் பூவையும் வித்தையும் நாட்டு மருத்துவர் வேறொரு நோக்கொடு தேடித் திரட்டுவர். ஒருவர்க்குத் தொழிற்பொருளாவது மற்றொருவர்க்கு மருந்தாதல் காண்க. நகர்க்குச் சற்றுத் தொலைவில் மூலிகைகட்குப் பெயர்பெற்ற சிறுமலையும் எழுந்து நிற்கின்றது.

பண்டிதர் வாழ்வின் இளம்பருவத்திலேதான் தாது ஆண்டுப் பெரும்பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மக்கள் பல்லாயிரவர் மடிந்தனர். பசியால் மாண்டோர் ஒருபுறம். பசியால் வலியிழந்த உடலில் வாந்திபேதியும் காய்ச்சலும் புக, அவற்றால் மாண்டோர் மற்றொருபுறம். மேனாட்டு மருத்துவ நிலையங்கள் பெருநகரங்களிலன்றி அரியனவாக இருந்த காலம் அது. சிற்றூரில் நோயுற்றவனுக்கு நாட்டு மருத்துவனே துணை. அம்மருத்துவன் நல்லவனாயின் பிழைப்பான். கல்லாதவனாயின் விதியென்று கிடப்பான். வேறு புகலிடம் இல்லை.

திண்டுக்கல்லில் இருந்த நாளில் மூலிகைகளைக் காணும் வேட்கையால் பண்டிதர் சுருளிமலைக்குச் சென்றார். கம்பம் பள்ளத்தாக்கை அடுத்து, அருவியும் அடர்காடும் உடைய மலை அது. அங்கு வாழ்ந்த கருணானந்தர் என்னும் துறவியை அவர் கண்டு வணங்கினார். கிறித்தவராகிய இளைஞர் ஒருவர் மலைவாழ் சித்தர் ஒருவரைக் குருவாகக் கொண்டதும், அச்சித்தர் அவரைத் தயங்காது ஏற்று மருந்து முறைகளை அருளியதும் எண்ணி மகிழத்தக்கவை. பண்டிதர் தம் வாழ்நாள் முழுதும் அந்நன்றியை மறந்தாரல்லர். பின்னாளில் அவர் நிறுவிய மருத்துவ நிலையம் கருணாநிதி வைத்தியசாலை எனப் பெயர் பெற்றது. இயற்றிய பெருநூலோ கருணாமிர்த சாகரம். குருவின் பெயரை நினைவூட்டும் சொல் இரண்டிலும் அமைந்திருத்தல் காணலாம்.

அவர் கைக்கொண்ட சித்த மருத்துவமும் வடமொழியில் சரகர், சுசுருதர் முதலியோர் பெயரால் வழங்கும் ஆயுள்வேதமும் அடிப்படையில் உடன்பட்டவை. நிலம், நீர், தீ, காற்று, வெளி என்னும் ஐம்பூதங்களால் உலகு ஆயதுபோல உடலும் ஆயது என்பது இரண்டற்கும் பொதுக்கொள்கை. அவற்றின் சேர்க்கையால் உடலை இயக்குவன மூன்று: வளி, அழல், ஐயம். இவற்றையே வாதம், பித்தம், கபம் என்றும் கூறுவர். மருத்துவர் நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்ப்பது இம்மூன்றின் நடையை அறிதற்பொருட்டே. வளி ஒன்று, அழல் அரை, ஐயம் கால் என்னும் அளவில் நடக்குமாயின் உடல் நலமுடையது. அளவு மிகினும் குறையினும் நோய் என்பது நூலோர் முடிபு. நாடியோடு நாவும், நிறமும், மொழியும், விழியும், கழிவுகளும், தொடுவுணர்வும் பார்த்தே நோய் துணியப்படும். நாடி ஒன்றையே பற்றி எல்லாம் உரைப்பவன் நூல்முறை அறியாதவன்.

மருந்தினும் உணவே முதன்மை வாய்ந்தது என்பது இம்மருத்துவத்தின் உயிர்க்கொள்கை. சுவைகள் ஆறு. இனிப்பும் புளிப்பும் உப்பும் வளியைத் தணிக்கும். இனிப்பும் கைப்பும் துவர்ப்பும் அழலைத் தணிக்கும். கார்ப்பும் கைப்பும் துவர்ப்பும் ஐயத்தைத் தணிக்கும். ஆதலின், கோடையில் அழல் மிகும் காலத்துக் காரமும் புளியும் சுருக்கி மோரும் கீரையும் பெருக்குதலும், மழைக்காலத்துச் சுக்கும் மிளகும் சேர்த்தலும் நம் அடுக்களைகளில் தாய்மார் இன்றும் காக்கும் நெறிகளாகும். அவர்கள் அதனை மருத்துவம் என்று பெயரிட்டு அழையார். முன் உண்டது அற்றபின்னரே உண்ணல் வேண்டும். உண்ணுங்கால் வயிற்றில் அரைப்பங்கு உணவும் காற்பங்கு நீரும் நிரம்ப, எஞ்சிய காற்பங்கு வெறிதாய் இருத்தல் நன்று. நீரைக் காய்ச்சிப் பருகுதல், மோரை நீர் பெருக்கி உண்ணுதல், முன்னாள் சமைத்த கறியை விலக்குதல், முறையாக எண்ணெய் முழுக்காடுதல் என்பனவும் விதிக்கப்பட்டுள்ளன. காய்ச்சிய நீரின் சிறப்பிற்கு இக்கால அறிவியலும் காரணம் காட்டுகின்றது. வாந்திபேதியை விளைக்கும் நுண்ணுயிர்கள் கொதிநீரில் அழிந்துபடும்.

உடலில் தாமே எழும் வேகங்கள் பதினான்கு என வகுத்துள்ளனர். தும்மல், இருமல், கொட்டாவி, பசி, நீர்வேட்கை, உறக்கம், கண்ணீர் முதலியன அவை. இவற்றை வலிந்து அடக்கினால் நோய் பிறக்கும் என்பர். தேர்வு நாளில் உறக்கத்தை அடக்கி விழித்திருக்கும் மாணவர் இதனைக் கருதுவாராக.

மருந்து செய்தலில் தூய்மை முறை ஒன்று உண்டு. சுக்கிற்குப் புறத்தோலையும், கடுக்காய்க்கு உள்ளிருக்கும் கொட்டையையும் நீக்கியே பயன்படுத்துதல் வேண்டும். எளிய சரக்குகட்கே இத்துணை விழிப்பு வேண்டுமெனின், இரசமும் உலோகமும் சேர்ந்த பற்பம், செந்தூரம் முதலியவற்றிற்கு எத்துணை வேண்டும்! அவற்றைக் கற்றுத் தேர்ந்த மருத்துவர் அறிவுரையின்றி எவரும் உட்கொள்ளுதல் தகாது. பிழைபடின் அவை நஞ்சாம்.

1882ஆம் ஆண்டு பண்டிதர் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். மறு ஆண்டில் இருவரும் தஞ்சைக்குக் குடிபெயர்ந்து, நேப்பியர் சீமாட்டி பெயரால் அமைந்த பெண்கள் பள்ளியில் ஆசிரியராயினர். பள்ளி நேரம் போக எஞ்சிய பொழுதில் பண்டிதர் நோயாளிகட்கு மருந்து அளித்துவந்தார். நாளடைவில் மருந்து நாடி வருவோர் தொகை பெருகிற்று. வகுப்பறையில் காத்திருக்கும் மாணவியரும், வீட்டு வாயிலில் காத்திருக்கும் நோயாளரும் அவர் பொழுதை இருபாலும் ஈர்த்தனர். திங்கள்தோறும் தவறாது வரும் ஊதியத்தை விட்டுவிடுதல் குடும்பமுடையார்க்கு எளிதன்று. மருத்துவத் தொழிலோ ஒரு நோயாளி இறப்பினும் பெயர் கெடும் தன்மையது. ஆயினும் 1890இல் ஆசிரியப் பணியினின்று விலகி மருத்துவத்தையே தம் தொழிலாகக் கொண்டார். அப்பொழுது அவருக்கு அகவை முப்பத்தொன்று. அம்முடிவில் பொன்னம்மாளுக்குப் பெரும்பங்கு உண்டு. மருந்து செய்யும் பணியில் அவ்வம்மையார் கணவர்க்கு உறுதுணையாய் நின்றார்.

நாட்டு மருத்துவர் பலர் தம் முறைகளை மறைத்து வைத்து, நோயாளி வந்தபொழுது சிறிதளவே மருந்து செய்து அளிப்பது அந்நாளைய வழக்கம். பண்டிதரோ மருந்துகளைப் பேரளவில் செய்வித்தார். கோரோசனை மாத்திரை முதலிய அவர்தம் மருந்துகள் தமிழ்நாடு முழுதும் பரவியதன்றிக் கடல் கடந்தும் சென்றன. மூலிகைகட்குப் பிறர் கையை எதிர்பாராமல், தஞ்சைக்குப் புறத்தே நிலம் வாங்கித் தாமே பயிரிட்டார். அங்குக் கரும்பும் கனிமரங்களும் செழித்தன. அவ்விடத்தை மக்கள் பண்டிதர் தோட்டம் என்றே வழங்கினர். 1909இல் அரசினர் அவருக்கு ராவ் சாகிப் பட்டம் அளித்தனர்.

மருத்துவத்தால் வந்த செல்வம் இசைக்குச் சென்றது. 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவித் தம் பொருட்செலவில் மாநாடுகள் கூட்டினார். 1916இல் பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசை மாநாட்டில் தம் சுருதி ஆராய்ச்சியை எடுத்துரைத்தார். 1917இல் கருணாமிர்த சாகரத்தை அச்சிட்டார். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலின் பெருமை தனியே விரித்தற்குரியது.

1919ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் பண்டிதர் இயற்கை எய்தினார். நாட்டு மருத்துவத்தை ஆராய்தற்கு முகம்மது உஸ்மான் தலைமையில் சென்னை அரசினர் 1921இல் ஒரு குழுவை அமைத்தனர். 1925இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றி, சித்தம், ஆயுள்வேதம், யுனானி என்னும் மூன்றும் பள்ளிப் பாடமாயின. 1964இல் பாளையங்கோட்டையில், பண்டிதர் பிறந்த அதே நெல்லைச் சீமையில், சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது.